பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஒரு நகரம் எதனால் கற்பனை வளம் மிக்கதாகவும் படைப்பூக்கம் கொண்டதாகவும் ஆகிறது? இந்தக் கேள்வியை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எனது கடைசித் தங்கச்சியின் மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

அவன் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிக்கிறான். கொழும்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ‘படைப்பாக்கப் புள்ளி’ போடும்படி மாணவர்களிடம் ஓர் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். தாளில் பல நிரல்கள் இருந்தன. ஓவியக் கூடம், நாடக அரங்கு, அருங்காட்சியகம், இசைப் பள்ளி, புத்தகக் கடை, உட்கார்ந்து கதைக்கத்தக்க கோப்பிக் கடை, கணினித் துறை நிறுவனம் என்று அவை நீண்டன. இவனுக்குக் கிடைத்தது, அவன் பிறந்து வளர்ந்த கொழும்பு 9, தெமட்டகொடை.

“மாமா, தெமட்டகொடைக்கி நான் என்னத்த எழுதுற? ஒரு கலரி ஈக்கா? நாடகம் போடுற ஹோல் ஒண்டு ஈக்கா? பாத்துப் பாத்து எழுதினாலும் சைபர்தான் வருது.”

“சைபர் வந்தா என்ன மகன்? உண்மைதானே.”

“சைபர் வாற எடத்த மெப்புல மஞ்சளா அடிக்கணும் மாமா. மாத்தி அமைக்கலாம், மாத்தினா ஒண்டும் நட்டமில்ல எண்டு அர்த்தம்.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த மஞ்சள் நிறம் என்னை விட்டுப் போகவில்லை. இக்கட்டுரை அதற்கு நான் சொல்ல முயலும் பதில்.

*

முதலில் அவன் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிரல்களை அவனது விரிவுரையாளர்கள் தாமாகக் கற்பனை செய்யவில்லை. 2000 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் லாண்ட்ரி ‘படைப்பாக்க நகரம்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். 2002 இல் ரிச்சர்ட் ஃபுளோரிடா என்ற அமெரிக்கர் ‘படைப்பாக்க வர்க்கம்’ ஒன்று எழுச்சி பெறுகிறது என்றார். திறமை, தொழில்நுட்பம், சகிப்புத்தன்மை மூன்றும் இருக்கும் நகரத்தை நோக்கி அந்த வர்க்கம் நகரும், அது வந்த இடம் செழிக்கும் என்பது அவரது வாதம். 2004 இல் யுனெஸ்கோ படைப்பாக்க நகரங்களின் வலையமைப்பைத் தொடங்கியது. 2017 இல் சென்னை இசைக்காக அதில் சேர்ந்தது. 2023 இல் கோழிக்கோடு இந்தியாவின் முதலாவது இலக்கிய நகரமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. வைக்கம் முஹம்மது பஷீர் கடைசிவரை வாழ்ந்த பேப்பூர் அதன் அருகில்தான் இருக்கிறது என்பதால் அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஆகவே இத்தகைய பட்டியல்களை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பட்டியல் எண்ணுவது படைப்பையா, அல்லது படைப்பு காசாக மாறும் இடங்களையா? பஷீர் கதை எழுதியது ஒரு மரத்தடிக் கதிரையில். எந்த நிரலில் அந்த மரத்தைப் போடுவது?

நகரத்துக்கும் கைவினைக்கும் உள்ள உறவைப் பற்றி இப்னு கல்தூன் 1377 இல் எழுதி முடித்த முகத்திமாவில் நீண்ட ஓர் அத்தியாயம் உண்டு. வயிற்றுப்பாட்டுக்குப் போக மனிதரிடம் உழைப்பு மிஞ்சும்போதுதான் கைவினைகள் நுட்பமடைகின்றன என்பது அவரது கருத்து. பலர் நெருங்கி வாழும் ஊரில்தான் அப்படி மிஞ்சும். ஏனெனில் ஒருவர் தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியதில்லை. இது ஒரு பொருளியல் விளக்கம். எனினும் அதற்குள் ‘மிச்சம்’ என்ற சொல் இருக்கிறது. படைப்பு என்பது மிச்ச நேரத்தின், மிச்ச உழைப்பின் பிள்ளை.

அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அல்ஃபாராபி வேறொரு கோணத்தில் பார்த்தார். நற்பண்பு நகரத்தைப் பற்றிய அவரது நூலைப் பலரும் அறிவர். ‘அஸ்ஸியாஸா அல்மதனிய்யா’ என்ற மற்றொரு நூலில், அறியாமையில் இருக்கும் நகரங்களை அவர் வகைப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று, எவரும் எவருக்கும் மேலில்லாமல், அவரவர் விரும்பியபடி வாழும் கூட்டு நகரம். பல நிற நூல்களால் நெய்த ஆடை போன்றது அது என்கிறார். எல்லா இனத்தாரும் அங்கே வந்து குடியேறுவார்கள், கலந்து பெருகுவார்கள். காலப்போக்கில் ஞானிகளும் பேச்சாளரும் கவிஞரும் அங்கே தோன்றக்கூடும். ஆனால் மற்றெந்த நகரத்தையும்விட அதிக நன்மையும் அதிக தீமையும் ஒருங்கே விளைவதும் அங்கேதான்.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தெமட்டகொடைதான் நினைவுக்கு வருகிறது. நன்மையைச் சொல்லும்போது மட்டுமல்ல, தீமையைச் சொல்லும்போதும்.

*

தெமட்ட என்பது சிங்களத்தில் ஒரு மரத்தின் பெயர். நாம் குமிழ் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. கொட என்றால் மேட்டு நிலம். அந்த மரத்தை நான் இங்கே கண்டதில்லை. எனக்குத் தெரிந்த தெமட்டகொடை ரயில் எஞ்சின்களின் கரிப்புகையும் டீசல் வாடையும் கலந்தது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1864 இல் ஓடிய முதலாவது ரயிலின் பாதை இவ்வூரை ஊடறுத்தே போகிறது. எஞ்சின் கொட்டகையும் இங்கேதான். கொட்டகைக்கு வேலைக்கு வந்தவர்கள், துறைமுகத்துக்கு நடந்து போனவர்கள், மருதானைச் சந்தையில் சுமை தூக்கியவர்கள் எல்லோரும் கால்வாய் ஓரத்திலும் தண்டவாள ஓரத்திலும் குடியேறினார்கள். நாங்கள் அவற்றைத் ‘தோட்டம்’ என்போம். சிங்களத்தில் ‘வத்த’. பூவும் மரமும் இல்லாத தோட்டங்கள்.

எங்கள் தோட்டத்தில் வீடுகளுக்கிடையே பலகைச் சுவர். ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே கூரை. எங்கள் வலது பக்கம் ஹட்டனிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். இடது பக்கம் ரயில்வேயில் வேலை செய்த ஒரு சிங்களவர். அவருக்கு எதிரே ஒரு மலாய்க் கிழவி. நாங்கள் எதையும் ஒட்டுக்கேட்கவில்லை. ஒட்டுக்கேட்காமல் இருக்க முடியவில்லை என்பதே உண்மை. ஹட்டன் வீட்டுத் தாலாட்டு, ரயில்வேக்காரர் வீட்டுப் பிரித், மலாய்க் கிழவி பேரனை ஏசும் ஏச்சு, என் உம்மா ஸுபஹுக்குப் பிறகு ஓதும் யாஸீன் எல்லாம் பலகைக்கு ஊடாகப் போய் வந்தன. எனக்கு ஐந்தாறு வயதாகும்போதே ஒரே ‘வா’ என்ற சொல்லை நான்கு விதமாகச் சொல்லத் தெரியும்.

வாப்பா றேடியோ திருத்துபவர். வீட்டின் முன்பக்கத்தில் ஒரு மேசை, ஓர் ஈயப்பற்று வைக்கும் கோல், கழற்றிப் போட்ட வால்வுகள். திருத்திய றேடியோவைச் சரிபார்க்க அவர் இலங்கை வானொலியை உரத்து வைப்பார். தோட்டம் முழுவதும் கேட்கும். 1970களில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடர் ஒலிபரப்பாகும் நேரம் வந்தால் எங்கள் வாசலில் இருபது முப்பது பேராவது கூடிவிடுவார்கள்.

அந்தத் தொடரைப் பற்றி இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் நான்கு பாத்திரங்கள் நான்கு விதமாகப் பேசும். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலியின் தமிழில் சிங்களம் கலந்திருக்கும். ஐயருக்குப் பிராமணத் தமிழ். 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. மரிக்காராக நடித்தவர் எஸ்.ராமதாஸ். உபாலியாக எஸ்.செல்வசேகரன். அப்புக்குட்டியாக ரி.ராஜகோபால். ஐயராக நடித்தவர் பி.எச்.அப்துல் ஹமீட்.

பெயர்களைப் பாத்திரங்களோடு சேர்த்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். ராமதாஸ் மரிக்காராகிறார். அப்துல் ஹமீட் ஐயராகிறார். செல்வசேகரன் உபாலியாகிறார். கேட்ட எவருக்கும் அது கேலியாகப் படவில்லை. மரிக்காரின் பேச்சைக் கேட்டு முதலில் சிரித்தவர் என் வாப்பாதான். “நம்மட சாச்சா மாதிரியே பேசுறான்” என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் பெருமை இருந்தது.

பின்னாளில் உலகத் தமிழர் அறிந்த ஒலிபரப்பாளராக உயர்ந்த அப்துல் ஹமீட், தெமட்டகொடையில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவரது திறமைக்கு அவரது உழைப்பே காரணம்; அதை ஓர் ஊரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. எனினும், அடுத்தவன் எப்படிப் பேசுகிறான் என்பதைக் காதால் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இந்த ஊர் இலவசமாகக் கொடுத்தது என்றே நினைக்கிறேன். எந்த நிரலிலும் அடங்காத கல்லூரி அது.

இன்னொன்று தோரணம். வெசாக் காலத்தில் தெமட்டகொடைத் தோரணத்தைப் பார்க்கத் தூர இடங்களிலிருந்தும் சனம் வரும். முன்னால் நிற்பவர்களுக்கு அது ஒளி வெள்ளம்: ஜாதகக் கதைச் சித்திரங்கள், ஓடி ஓடி நிறம் மாறும் ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள். நான் அதைப் பின்னாலிருந்து பார்த்தவன். அங்கே ஒரு மரப் பீப்பாய் சுழலும். அதன்மேல் அறைந்த உலோகத் தகடுகள் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு விலகும். எந்தத் தகடு எந்தக் கம்பியை எப்போது தொடுகிறது என்பதில்தான் முன்னால் தெரியும் அத்தனை நடனமும் இருக்கிறது. கணினி வருவதற்கு முன்பே எங்கள் சந்தியில் அதற்கொப்பான ஒரு மூளை சுழன்றுகொண்டிருந்தது. வாப்பா தன் ஈயக்கோலுடன் இரவிரவாக அங்கே நிற்பார். பௌத்தக் கதைக்கு ஒரு முஸ்லிம் ஈயம் பற்றவைப்பது சரியா என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “நான் வயருக்குத்தான் பத்த வைக்கிறேன். வயருக்கு மார்க்கம் இல்ல.”

இது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரிய அதிசயம் என்று சொல்ல மாட்டேன். அயலில் இருக்கும் மருதானையும் அப்படித்தான். ஸாஹிராக் கல்லூரி 1892 இல் தோன்றியபோது அதன் பின்னால் நின்றவர்கள் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த அறபி பாஷா, கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார். 1948 முதல் 1961 வரை அதன் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ.அஸீஸ் யாழ்ப்பாணத்தவர். அங்கே படித்து அங்கேயே படிப்பித்த கா.சிவத்தம்பி கரவெட்டியிலிருந்து வந்தவர். 1911 இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் சிங்கள நாடகத்தின் தாய்வீடு. ஆனால் அந்த மேடையின் நூர்த்தி மரபுக்கு வித்திட்டவை பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள். சேலத்தில் 1919 இல் பிறந்த முஹிதீன் பேக் இந்நாட்டுக்கு வந்து சிங்களத் திரையின் குரலாகி, பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்று, 1991 இல் இங்கேயே மறைந்தார். இலக்கியப் பக்கம் வந்தால், 1960களில் எம்.ஏ.ரஹ்மான் ஆதிருப்பள்ளித் தெரு அச்சகமொன்றிலிருந்து ‘இளம்பிறை’யைக் கொண்டுவந்தார். வலம்புரி கவிதா வட்டத்தின் கவியரங்குகள் கொழும்பு 12 அல்ஹிக்மா கல்லூரியில் பௌர்ணமி தினங்களில் நடந்து வந்திருக்கின்றன. ஏன் பௌர்ணமி? அன்று போயா விடுமுறை. கடைச் சிப்பந்தியும் ஆசிரியரும் கணக்காளரும் அன்றுதான் கவிஞராகலாம். பௌத்தரின் புனித நாள் கொடுத்த மிச்ச நேரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் கவிதை படிக்கிறார்கள். இப்னு கல்தூன் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

*

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்க்கிறேன். எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. வறுமையை நான் அழகாக்கிக் காட்டுகிறேனா?

அந்தத் தோட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று. மலசலகூடம் நான்கு. என் உம்மா இருட்டு விலகுமுன் எழும்பியதற்கு ஸுபஹ் மட்டும் காரணமல்ல. வெளிச்சம் வந்தபின் பெண்கள் அந்த வரிசையில் நிற்பது கூச்சம். கால்வாய் பெருக்கெடுத்தால் வாப்பாவின் மேசைவரை கறுப்புத் தண்ணீர் வரும். பலகைக்கு ஊடாகத் தாலாட்டு மட்டும் வரவில்லை. குடித்துவிட்டு வந்தவன் மனைவியை அடிக்கும் சத்தமும் வந்தது. எல்லோருக்கும் கேட்டது, எவரும் போகவில்லை. அடுத்தவர் குரலைக் கேட்பது மட்டுமே மனிதரை நல்லவராக்கிவிடாது என்பதை நான் அங்கேதான் கற்றேன். 1983 ஜூலையில் ஹட்டன் குடும்பம் போனது. இரண்டு இரவுகள் அவர்களை எங்கள் அட்டாளையில் ஒளித்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் அவர்கள் முகாமுக்குப் போனார்கள், பிறகு திரும்பவேயில்லை. அவர்கள் வீட்டுச் சாமான்களை எடுத்தவர்களில் இருவர் எங்கள் வாசலில் அமர்ந்து மரிக்காரையும் ஐயரையும் கேட்டுச் சிரித்தவர்கள்.

ஆகவே, தோட்டத்தை உடைக்காதீர்கள், அதற்குள்தான் கலை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உம்மா வரிசையில் நின்றதற்கு ஈடாக எந்தக் கவிதையையும் வைக்க முடியாது. வறியவர் வறியவராகவே இருந்து நமக்குக் கதை தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒருவகைச் சுரண்டல்தான்.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்த 68,000 க்கும் மேற்பட்ட குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டம் அதன்பின் வேகமெடுத்தது. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் கோபுரங்கள் எழுந்தன. எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது, எட்டாம் மாடியில். உள்ளேயே குழாய், உள்ளேயே மலசலகூடம். முதல் நாள் குழாயைத் திறந்து திறந்து மூடிய என் மனைவியின் முகத்தை நான் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியை எவர் குறைத்துப் பேசினாலும் நான் எதிர்ப்பேன்.

போனது என்ன? வாப்பாவின் மேசை போன்ற மேசை போனது. எட்டாம் மாடியில் வாசல் என்பது பாதை அல்ல. யாரும் தற்செயலாக அதைக் கடந்து போவதில்லை. ஆப்பம் சுட்டு விற்றவளும் சைக்கிள் திருத்தியவனும் தைத்துக் கொடுத்தவளும் தங்கள் தொழிலை வாசலில்தான் வைத்திருந்தார்கள். புதிய முயற்சிகளுக்கு வாடகை குறைந்த பழைய கட்டடங்கள் வேண்டும் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961 இல் நியூயோர்க்கை வைத்துச் சொன்னார். எங்களிடம் பழைய கட்டடங்கூட இல்லை, பழைய வாசல் இருந்தது. இரண்டாவதாகப் போனது சத்தம். கொங்கிறீட் சுவர் எதையும் சொல்வதில்லை.

*

சுவர் சொல்லாவிட்டால் கற்பனை நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்பது 2019 ஏப்ரல் 21 இல் தெரிந்தது.

அன்று உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பிற்பகலில் எங்கள் தெமட்டகொடையில், மஹவில கார்டனில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போன மூன்று பொலிஸ் உத்தியோகத்தர்கள் அங்கு நடந்த வெடிப்பில் மாண்டார்கள். தெமட்டகொடை என்ற பெயரை உலகச் செய்திகள் உச்சரித்தது அன்றுதான்.

அந்த வீடு தோட்டத்து வீடல்ல. செல்வமும் படிப்பும் இருந்த குடும்பத்தின் வீடு. ஃபுளோரிடாவின் மூன்றில் இரண்டாவது அங்கே குறைவின்றி இருந்திருக்கும். கற்பனையும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சொர்க்கத்தைப் பற்றி, எதிரியைப் பற்றி, தம்மைப் பற்றி மிகப்பெரிய கற்பனை. அந்தக் கற்பனைக்குள் இல்லாதது ஒன்றுதான்: ஞாயிறு காலை பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டி ஆராதனைக்கு அழைத்துப் போகும் ஒரு தாய். அவளது குரல் அந்தச் சுவருக்குள் போகவேயில்லை. இதை வெளியாள் எவரும் சொல்வதற்கு முன் நாம் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆனால் என் சுவரும் சுவர்தான். அன்றிரவு ஊரடங்கில் எட்டாம் மாடியில் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதிர்வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். ஐந்து வருடங்களாக எதிரெதிரே இருந்தோம். மின்தூக்கியில் கண்டால் தலையாட்டுவோம். அவர்களது பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் வார்த்தை வார்த்தையாகக் கற்பனை செய்தேன். கத்தி, பொல்லு எல்லாம் வைத்தேன். விடியும்வரை தூங்கவில்லை.

நோன்பு முடிந்து பல நாட்களுக்குப் பிறகு மின்தூக்கி பழுதாகி நின்றபோது அந்த அம்மாவுடன் எட்டு மாடியும் ஏறினேன். மூச்சு வாங்க நான்காம் மாடியில் நின்றோம். அப்போதுதான் அவர் சொன்னார். அன்றிரவு அவர்களும் தூங்கவில்லையாம். எங்கள் கதவை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் வீட்டிலிருந்து ஏதும் சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். பிறகு கேட்டார், “நீங்கள் றேடியோ பாஸுடைய மகனா?” ரயில்வேக்காரரின் பேத்தி அவர். எங்கள் இடது பக்கப் பலகையின் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்.

எனது எழுபது வருட வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வெட்கம் எனக்கு ஏற்பட்டதில்லை. கற்பனை எங்கேயும் நின்றுவிடுவதில்லை. குரல் கிடைத்தால் அது மரிக்காரையும் ஐயரையும் படைக்கிறது. குரல் கிடைக்காவிட்டால் பேயைப் படைக்கிறது. ஒரு நகரத்தில் கற்பனை எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, அந்தக் கற்பனைக்கு எதைத் தீனியாகப் போடுகிறோம் என்று கேட்பதே முக்கியமானது. இது அழகியற் கேள்வி மட்டுமல்ல, ஒழுக்கக் கேள்வியும்கூட.

அல்ஃபாராபியின் கூட்டு நகரத்தில் நன்மையும் தீமையும் ஏன் ஒன்றாக விளைகின்றன என்பதற்கும் இதுவே விடை என்று கருதுகிறேன். பல நிற நூல்கள் அருகருகே கிடப்பதால் மட்டும் ஆடை ஆகிவிடாது. ஒன்றன் மேலும் கீழுமாகப் போய் வந்தால்தான் நெசவு.

*

நெசவு என்றதும் ஒரு துணி ஞாபகம் வருகிறது.

2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. டிசம்பர் 9 ஆம் திகதி, பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பொரளை கனத்தையில் எரிக்கப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து கனத்தைக்கு நடந்து போகலாம்.

அதற்குச் சில நாட்களுக்குப் பின் கனத்தையின் வாயிற் கம்பிகளில் யாரோ வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். ஒன்று, பத்து, நூறு என்று அவை பெருகின. கோஷம் இல்லை, பதாகை இல்லை. கபனுக்குரிய வெள்ளை மட்டும். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத கபன். கட்டியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். இரவோடிரவாகத் துணிகள் அகற்றப்பட்டன. மீண்டும் கட்டினார்கள். வேறு ஊர்களில் கட்டினார்கள், வெளிநாடுகளிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இவற்றுக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. துணிதான் சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கொழும்பு என் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த கலைப் படைப்பு எது என்று கேட்டால் அந்த வேலியைத்தான் காட்டுவேன். அதற்கு ஓவியக் கூடம் தேவைப்படவில்லை. கட்டியவர்களில் பலருக்குக் கபன் என்ற சொல்லே அதற்கு முன் தெரிந்திருக்காது. அடுத்தவருடைய மையித்தை, அடுத்தவருடைய துக்கத்தை, அடுத்தவருடைய துணியின் நிறத்தோடு கற்பனை செய்து பார்த்தார்கள். நானும் எதிர்வீட்டு அம்மாவும் ஒன்றாகப் போனோம். அவர் தன் மகளின் ஞாயிறு பாடசாலைச் சீருடையில் மிஞ்சிய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார்.

தங்கச்சியின் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். நல்ல பிள்ளை. முடிவில், “மாமா, இதுக்கு நிரல் இல்லியே” என்றான்.

“அப்ப ஒரு நிரல் போடு.”

“என்னண்டு பேர் வெக்க?”

‘எதிர்வீட்டாரின் பெயர் தெரியுமா’ என்று வை என்றேன். அதை அளக்கலாம், கதவைத் தட்டிக் கேட்டால் போதும். அடுத்ததாக, வாசலில் மேசை போட இடம் இருக்கிறதா என்றும் ஒரு நிரல் வை. புதிதாகக் கட்டுகிறவர்கள் குழாயையும் மலசலகூடத்தையும் கொடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் ஐம்பது மேசைக்கு இடம் விடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. பிறகு, வெவ்வேறு மொழிக்காரர் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திருத்தும் இடம் எத்தனை என்று கேள். தோரணமோ, மின்தூக்கியோ, எதுவானாலும்.

அவன் எழுதிக்கொண்டான். மஞ்சள் அடிப்பதா இல்லையா என்பதை அவன் இன்னும் தீர்மானிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று எதிர்க்கதவைப் பார்த்தான்.

“அவங்கட பேர் என்ன மாமா?”

சொன்னேன். தாளின் ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டு படியிறங்கினான். மின்தூக்கி அன்றும் பழுதுதான்.